ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை

"ஆர்டர் பாதியாயிருச்சு அம்மணி. ஆனா ஒரு ஆளைக்கூட நான் நிறுத்தலை. ஷிப்டைத்தான் குறைச்சிருக்கேன்." 2025 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெரியப்பா மகன் சொன்னது இது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அண்ணன் நேரடி ஏற்றுமதியாளர் இல்லை, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுப்பவர். அவருடைய கம்பெனியில் பாதிக்கு மேல் பெண்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை, பெருமைப்படவும் நியாயம் இருக்கிறது. நானும் இன்னொரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறவள்தான். ஆர்டர் இல்லாத மாதத்தில் சனிக்கிழமை சம்பளத்துக்கு முதலாளிகள் படும் பாடு எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வாக்கியம் எனக்குச் செரிக்கவில்லை. இத்தனை மாதம் கழித்தும் அது அப்படியே இருக்கிறது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தொழில் விழும்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேருக்கு வேலை போனது என்பதுதான். தொலைக்காட்சிக்காரர்கள் அதையே கேட்கிறார்கள், சங்கத் தலைவர்களும் அதற்கே பதில் சொல்கிறார்கள். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஆளுக்கொரு எண் வரும். எங்கள் காம்பவுண்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் யாரும் அந்த எண்களுக்குள் வர மாட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லையே. அக்டோபரிலும் நவம்பரிலும் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனார்கள்தான்.

ஒன்றரை ஷிப்டின் கணக்கு

திருப்பூரை அறியாதவர்களுக்காக ஒரு விஷயம். இங்கே கூலியை நாள் கணக்கில் யாரும் சொல்வதில்லை, ஷிப்ட் கணக்குத்தான். காலை 8.30க்குப் போய் மாலை 5.30க்கு வந்தால் ஒரு ஷிப்ட். இரவு 8.30 வரை இருந்தால் ஒன்றரை. ஆர்டர் ஓடுகிற காலத்தில் ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் சாதாரண நாள். ஒரு ஷிப்டோடு வீடு திரும்புகிற பெண்ணிடம் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். வீட்டு வாடகை, சீட்டு, பிள்ளை ஃபீஸ், லோன் டியூ எல்லாம் ஒன்றரையை நம்பித்தான் போடப்பட்டிருக்கும்.

செக்கிங் பார்க்கும், அதாவது தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஷிப்டுக்கு 420 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளும் ஒன்றரை போட்டால் வாரத்துக்கு 3,780. ஆர்டர் குறைந்து ஐந்து நாள், ஒரு ஷிப்ட் என்று ஆனால் 2,100. நான்கு வாரத்துக்கு 15,120 வந்த இடத்தில் 8,400. வருமானத்தில் பாதியை ஒட்டிப் போய்விட்டது, வேலை மட்டும் போகவில்லை. சட்டத்தின் கண்ணுக்கும் இது இழப்பாகத் தெரியாது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் வேலை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினால் பாதிக் கூலி லே-ஆஃப் ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. அரை ஷிப்ட் குறைந்தால் எதுவும் இல்லை. அந்த அரை ஷிப்ட் சட்டப்படி ஓவர்டைம், அதற்கு இரட்டைக் கூலி கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் அது ஒற்றைக் கூலிக்கு ஓடுகிற, ஏட்டில் ஏறாத அரை ஷிப்ட். ஏட்டில் இல்லாத ஒன்று குறைந்தது என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

குறைப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. கட்டிங் மாஸ்டரையும் மெஷினில் தைக்கும் பவர் டேபிள் டெய்லரையும் முதலாளி எப்பாடுபட்டாவது பிடித்து வைப்பார். விட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், ஆர்டர் திரும்பும்போது கிடைக்க மாட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். செக்கிங், பிசிர் வெட்டுவது, மடித்துப் பேக்கிங் செய்வது எல்லாம் கடைசிக் கட்ட வேலை, தைத்த பீஸ் வந்தால்தான் உண்டு. அங்கே இருப்பவர்கள் பெண்கள். அவர்களுக்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. கைக்குழந்தைக்காரர்கள், மாமியாருக்குப் படுக்கையில் பணிவிடை செய்கிறவர்கள், கண் மங்கிய வயதானவர்கள் மூட்டையாகப் பீஸை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிர் வெட்டிக் கொடுப்பார்கள். பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி. ஆர்டர் குறைந்ததும் அந்த மூட்டை நின்றுவிடும், உள்ளே இருக்கும் பெண்களுக்கே வேலை போதாதே. மூட்டை கொண்டுவரும் பையன் வரவில்லை, அவ்வளவுதான் செய்தி. வேலைக்கு வைத்ததாக எழுத்தில் இல்லாதவர்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. பி.எஃப் இல்லை, இ.எஸ்.ஐ இல்லை.

இது முதல் வீழ்ச்சியும் இல்லை. 2008இல் அமெரிக்க வங்கி கவிழ்ந்தபோது விழுந்தோம். 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. 2016இல் ரூபாய் நோட்டு, 2020இல் கொரோனா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பெண்கள் தலையில் இறங்கியது. ரூபாய் நோட்டு சமயத்தில் என் அம்மா செக்கிங்கில் இருந்தார். அரிசி டிரம்முக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பல வருஷமாக அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்தது. பணம் போகவில்லை, எல்லாவற்றையும் வங்கியில் மாற்றிவிட்டார். ஆனால் அப்படி ஒரு பணம் இருப்பது தெரிந்துபோயிற்று, அடுத்த பொங்கலுக்குள் அப்பா அதைச் செலவழித்து முடித்தார். கறுப்புப் பணம் எவ்வளவு பிடிபட்டது என்ற விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணி முடிச்சுதான் ஞாபகம் வரும்.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி

நான் சொல்ல வந்தது அதையல்ல. எதிர் வீட்டு அக்காவின் திண்ணையில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அக்கா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் லோடு மேன், அவர் கொடுத்தால் உண்டு. அக்காவும் தெருவில் இருக்கும் வேறு ஒன்பது பெண்களும் சேர்ந்து குழு லோன் எடுத்திருக்கிறார்கள். அரசு தொடங்கிவைத்த மகளிர் சுய உதவிக் குழுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பெண்கள் தாங்களே சேமித்து, தங்களுக்குள் சுழற்றி, பிறகு வங்கிக்குப் போவார்கள். இது தனியார் மைக்ரோஃபைனான்ஸ். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஆதாரும் கணவர் கையெழுத்தும் போதும். பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வாரம் ஒரு நாள் கூட்டம், பெயர் வாசிப்பு, பணம் எண்ணுதல். காலை ஏழு மணியைக் கேட்டு வாங்கியது இந்தப் பெண்கள்தான், எட்டரைக்குள் கம்பெனிக்குப் போக வேண்டுமே. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. ஆனால் விதி அனுமதிக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் பூனைதான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் மட்டமாக நினைத்ததில்லை. சாதாரண வருஷத்தில் அது நன்றாகவே ஓடியது. ஒருத்தியின் பிள்ளைக்கு டெங்கு வந்தது, மற்றவர்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டார்கள், இரண்டு வாரத்தில் அவள் திருப்பிக் கொடுத்தாள். தண்டல்காரனிடம் நாளொன்றுக்கு வட்டி கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ மேல். அதே பெண்கள்தான் ஒருவர் பிள்ளையை ஒருவர் பள்ளியிலிருந்து கூட்டிவருவார்கள், தண்ணீர் வரும் அன்றைக்கு வேலைக்குப் போனவளின் குடத்தையும் நிரப்பி வைப்பார்கள். ஜாமீன் என்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி மாதிரியே இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது திண்ணையில் ஏழு பேர்தான் இருந்தார்கள். கலெக்‌ஷனுக்கு வந்த பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் வரவில்லை. ஒருத்தி கதவைப் பூட்டிவிட்டு ஊர்த் திருவிழா என்று போயிருந்தாள். ஐப்பசியில் என்ன திருவிழா என்று யாரும் கேட்கவில்லை. பையன் கத்தவில்லை, அசிங்கமாக எதுவும் பேசவில்லை. "வசூல் முழுசா வராம நான் போக முடியாதுக்கா, என் டார்கெட் போயிரும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் எங்கோ கிராமத்திலிருந்து பத்தாயிரம் பன்னிரண்டாயிரத்துக்கு வந்தவன்தான். மணி எட்டு ஆயிற்று, எட்டேகால் ஆயிற்று. எட்டரைக்கு உள்ளே போகாவிட்டால் அன்றைக்குக் கிடைக்கும் ஒரே ஷிப்டும் போய்விடும். கடைசியில் நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அன்பினாலும் இல்லை, பயத்தினாலும் இல்லை. இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் 420 ரூபாய் நஷ்டம் என்ற கணக்கினால். அக்கா போட்ட பணம் முதல் நாள் மகளுடைய தோட்டை அடகு வைத்து வாங்கியது. அது தன் டியூவுக்காக வைத்திருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா ஐந்தரைக்கே வந்துவிட்டார். வந்ததும் பூட்டியிருந்த அந்த வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. இருவரும் எட்டு வருஷமாக ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள், ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்தவள். அந்த நிமிஷத்தில்தான் அண்ணன் சொன்னதில் என்னை உறுத்தியது எது என்று புரிந்தது.

பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் என்பது, ஒருத்தி விழும்போது மற்ற ஒன்பது பேர் நிற்பார்கள் என்ற கணக்கில் போடப்பட்டது. காய்ச்சல், கல்யாணம், குடிகாரக் கணவன் என்று தனித்தனியாக வரும் கஷ்டத்துக்கு அது தாங்கும். ஆனால் பத்துப் பேரும் ஒரே தெரு, ஒரே தொழில், பாதிப் பேர் ஒரே கம்பெனி. வரி ஏறினால் பத்து வீட்டிலும் ஒரே வாரத்தில் கூலி குறைகிறது. ஊரே மழையில் நனையும்போது யார் குடையை யார் இரவல் கேட்பது? மந்தத்துக்குத்தான் ஜாமீன் தேவை, அந்த மந்தத்தில்தான் அது உடையும். உடையும்போது கடன் கம்பெனிக்கு நஷ்டம் வருவது பிறகு. முதலில் போவது அந்தப் பெண்களுக்கு இடையில் இருந்த பழக்கம். நகையும் பத்திரமும் கேட்காத கடன் என்று சொல்கிறார்களே, அடமானமாக வாங்கியது அதைத்தான். வங்கி லாக்கரில் இல்லை என்பதால் நமக்குத் தெரியவில்லை. இப்போது பிள்ளையைக் கூட்டிவர ஆள் இல்லாமல் அக்காவின் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், தம்பியைக் கூட்டிவரக் கடைசி வகுப்புக்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். தண்ணீர் வரும் நாளில் ஒருத்தி வேலைக்குப் போகாமல் நிற்கிறாள். கடன் தகராறில் பேச்சு நின்றதன் செலவு இப்படித்தான் வந்து சேர்கிறது.

மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு 2022இலிருந்து ஒரு நல்ல விதி உண்டு. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது. நல்ல விதி என்று மனதாரத்தான் சொல்கிறேன், அதற்கு முன் அதுகூட இல்லை. ஆனால் அந்த வருமானம் கடன் கொடுக்கும் நாளில் கேட்டு எழுதப்படுவது. அக்காவின் கணக்கில் அது ஒன்றரை ஷிப்ட் வருமானம். எல்லாக் கடனும் சேர்த்து மாதம் 6,500 கட்டுகிறார். அவர் சம்பாத்தியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 15,120இல் அது 43 சதவீதம். 8,400இல் 77. விதி மீறப்படவே இல்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் கூடிவிட்டார்கள்

இதற்கிடையில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம் என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரிய பாய்ச்சல். கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கூடியதில் பெரும்பகுதி சம்பள வேலையில்லை, சுயதொழில் என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது, அதற்குக் கைதட்டல் இல்லை. அக்கா நவம்பரிலிருந்து சாயங்காலம் மாவு ஆட்டி விற்கிறார். ஐந்தரைக்கு வந்து, ஊற வைத்ததை அரைத்து, பாக்கெட் போட்டு, பத்து மணிக்குப் படுக்கிறார். கணக்கெடுக்க ஆள் வந்தால் அக்காவுக்கு இப்போது இரண்டு தொழில். அவர் மாமியாரும் வெங்காயம் உரித்துக் கொடுக்கப் போகிறார், அறுபத்தைந்து வயதில் புதிதாக உழைப்பாளர் படையில் சேர்ந்திருக்கிறார். வீட்டில் வேலை செய்கிறவர்கள் கூடினார்கள், வருமானம் குறைந்தது. பணக்கார வீட்டில் மந்தம் வந்தால் பெண் வேலையை விட்டு வீட்டில் இருக்கலாம். ஏழை வீட்டில் மந்தம் வந்தால் வீட்டில் இருந்தவளும் வேலைக்குப் போகிறாள். எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அவள் எதற்காக வாசலைத் தாண்டினாள் என்று கேட்க வேண்டாமா?

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த வீட்டில் முட்டை நின்றது முதலில் அக்காவுக்கு, பிறகு மகளுக்கு. மகனுக்கும் கணவருக்கும் கடைசி வரை நிற்கவில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. நல்ல வருஷத்திலேயே இந்த நிலை என்றால், ஆர்டர் இல்லாத வருஷத்தில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் உடம்பு எதை வைத்து ஓடும்?

இந்த இடத்தில் யாராவது இலவசங்கள் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ரேஷன் அரிசி இல்லாவிட்டால் அந்த அக்டோபர் எங்கள் தெருவில் வேறு மாதிரி இருந்திருக்கும். பள்ளியில் காலை உணவு போடுகிறார்கள், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2025இல் மாதாமாதம் வந்த ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகையை எங்கள் தெருவில் பதினைந்தாம் தேதி என்றே சொல்வார்கள். ஆனால் அக்கா கையில் அது நவம்பரில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்தவள் நான். வந்தது சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை காலை திண்ணையில் எண்ணிக் கொடுத்தாகிவிட்டது. அரசு ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது, மூன்று நாளில் கடன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆயிரத்தால் அக்கா மறுபடி தண்டலுக்குப் போகாமல் தப்பித்தார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தவணையை நிறுத்தி வைக்காமல் தொகையை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்கிறேன்.

தவணையை நிறுத்தி வைக்க முடியாதா? முடியும். 2020 மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி அதைச் செய்தது, முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. எங்கள் தெருவில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது, தெரிந்தவர்களுக்கும் நிறுத்திய மாதங்களின் வட்டி பின்னால் வந்து நின்றது. சரி, அது உலகமே மூடிக் கிடந்த காலம் என்று வைத்துக்கொள்வோம். 2025 நவம்பரில் மறுபடி செய்தார்கள். அமெரிக்க வரியால் அடிபட்ட ஏற்றுமதித் துறைகளுக்கு, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளி வைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழி செய்தது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது, தனி வட்டிதான் என்றும் சொன்னது. துணிமணித் தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. இதைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அதே வரி, அதே ஊர், அதே நான்கு மாதம். பீஸைத் தைக்கக் கடன் வாங்கியவருக்குத் தவணை தள்ளிப்போனது. அந்தப் பீஸில் பிசிர் வெட்டியவளுக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே வந்தது. ஒரு ஊரின் தொழில் விழுந்தால் அந்த ஊர்க் குழுக் கடன்களையும் சேர்த்தே தள்ளி வைப்பதற்கு ஏற்கெனவே உள்ள உத்தரவில் இரண்டு வரி கூட்டினால் போதும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏற்றுமதியாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது, டெல்லிக்குப் போய்வருகிறார்கள்.

டிசம்பரில் ஒருநாள் மாவு வாங்கப் போனபோது இந்தச் செய்தியை அக்காவிடம் சொன்னேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். "அதுக்கு எங்க தங்கச்சி போயி எழுதிக் குடுக்கணும்?" என்றார். குழு லோனுக்கு அது கிடையாது என்றேன். "அப்படியா" என்று கிரைண்டரை மறுபடி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வர்ற செவ்வாய்க்கிழமைக்கு ஆயிரத்து இருநூறு இருக்குமா என்று கேட்டார். எங்கள் காம்பவுண்டில் ஷிப்டைப் பார்க்காமல் மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். இருந்தது, கொடுத்தேன். பொங்கல் கழிந்து இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்தார், கூடவே வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பாக்கெட் மாவு.